அப்போலோ 11-க்குப் பிறகு எல்லாம் மறுஒளிபரப்புதானா?

கேள்வி, 12 ஜூன் 2024

அப்போலோ 8-இல் போன பில் ஆண்டர்ஸ் விமான விபத்தில் இறந்த செய்தியைப் படித்ததிலிருந்து பழைய அப்போலோ படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்போலோ 8 நிலவைச் சுற்றியது, 11 இறங்கியது, அத்தோடு கதை முடிந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. 12 முதல் 17 வரை அதே குதி, அதே கொடி, அதே கல். ஜனங்களுக்குச் சலித்துவிட்டது, நிறுத்திவிட்டார்கள். யாராவது மறுக்க முடியுமா?

12 ஜூன் 2024, இரவு

மறுக்கிறேன். தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். 11 ஒத்திகை. நாடகம் 15-ல் தொடங்கி 17-ல் பாதியில் திரை விழுந்தது.

நான் ஜியாலஜி படித்தவன், அதனால் என் பார்வை ஒருபக்கம் சாய்ந்துதான் இருக்கும். ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் வெளியே இருந்தது சுமார் இரண்டரை மணி நேரம். நடந்த இடம் முழுவதும் ஒரு கால்பந்து மைதானத்துக்குள் அடங்கிவிடும். ஆர்ம்ஸ்ட்ராங் அதிகபட்சம் போனது 60 மீட்டர் போல, பக்கத்தில் இருந்த ஒரு பள்ளத்தை எட்டிப் பார்க்க. அதற்குள் கொடி நட வேண்டும், நிக்சனோடு பேச வேண்டும், நில அதிர்வுக் கருவியையும் லேசர் பிரதிபலிப்பானையும் வைக்க வேண்டும். இவ்வளவுக்கும் நடுவே 21.5 கிலோ கல்லும் மண்ணும் அள்ளி வந்தார்களே, அதற்கே கும்பிடு போடலாம்.

17-ல் செர்னனும் ஷ்மிட்டும் மூன்று நாளில் 22 மணி நேரம் வெளியே இருந்தார்கள். ரோவர் என்ற நிலவு வண்டியில் ஓடியது ஏறக்குறைய 36 கிலோமீட்டர். கொண்டுவந்தது 110 கிலோ. இதை மறுஒளிபரப்பு என்றால் எப்படி?

13 ஜூன் 2024

சலிப்பைப் பற்றி. சலிப்பு இருந்தது உண்மை. அப்போலோ 13 வெடிப்புக்குச் சற்று முன் ஜிம் லவல் தலைமையிலான குழு விண்கலத்துக்குள்ளிருந்து நடத்திய நேரலையை அமெரிக்காவின் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களில் ஒன்றுகூட ஒளிபரப்பவில்லை. வெடித்த பிறகுதான் எல்லோரும் ஓடிவந்தார்கள்.

ஆனால் நிறுத்தியது சலிப்பு அல்ல. தேதியைப் பாருங்கள். நாசாவின் பட்ஜெட் உச்சத்தைத் தொட்டது 1966-ல். இனி புதிதாக சாட்டர்ன் 5 ராக்கெட் செய்ய வேண்டாம், கைவசம் உள்ள 15 போதும் என்று முடிவானது 1968 ஆகஸ்டில். அப்போது யாரும் நிலவில் கால் வைக்கவில்லை, சுற்றிக்கூட வரவில்லை. வியட்நாம் போர்ச் செலவு ஒரு பக்கம், நகரங்களில் கலவரம் ஒரு பக்கம். கல்யாணத்துக்கு முன்பே பந்தலைப் பிரிக்க ஆள் சொல்லியாகிவிட்டது.

1970 ஜனவரியில் அப்போலோ 20 ரத்தானது, அதே ஆண்டு செப்டம்பரில் இன்னும் இரண்டு. அவற்றுக்கான ராக்கெட்டுகளில் பெரும்பகுதி ஏற்கெனவே செய்து முடித்திருந்தவை. ஒன்று ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தைத் தூக்கிக்கொண்டு போனது. மிச்சத்தில் பெரும்பகுதி இன்று ஹூஸ்டன், கென்னடி விண்வெளி மையம் என இரண்டு இடங்களில் படுத்துக் கிடக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பறக்கச் செய்த பொருள்.

16 ஜூன் 2024

"கல் பொறுக்குவதில் என்ன பெரிய வித்தை" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. கல்லை யாரும் பொறுக்கலாம். எதைத் தொடாமல் விட்டு வருவது என்று தெரியத்தான் வருடங்கள் ஆகும்.

படிக்கும்போது எங்களை ஃபீல்டுக்கு அழைத்துப்போன பேராசிரியர் ஒருவர் இருந்தார். மாதிரிப் பையில் எண்ணும் இடமும் எழுதாமல் கொடுத்தால் கையில் வாங்கி ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே தூர எறிவார். "எங்கே கிடந்ததென்று தெரியாத கல் ஜல்லி" என்பார். வெயிலில் நாலு கிலோமீட்டர் சுமந்துவந்த கல். அழுகை வரும். ஆனால் அவர் சொன்னதுதான் சரி. கல்லுக்குப் பக்கத்தில் என்ன இருந்தது, எந்தப் பக்கம் மேலே பார்த்துக் கிடந்தது, மண்ணில் எவ்வளவு புதைந்திருந்தது, இதெல்லாம் சேர்ந்துதான் மாதிரி.

இப்போது அப்போலோ 15-க்கு வாருங்கள். 1971. ஸ்காட் விமானப்படைக்காரர், சோதனை விமானி. இர்வினும் அப்படியே. இவர்களை கால்டெக் பேராசிரியர் லீ சில்வர் ஓராண்டுக்கும் மேலாகப் பாலைவனங்களிலும் மலைகளிலும் இழுத்தடித்தார். முதுகில் பெட்டி, கையில் ரேடியோ. அவர்கள் வர்ணிக்க வேண்டும். கண்ணுக்கெட்டாத தூரத்தில் உட்கார்ந்திருப்பவர் அந்த வர்ணனையை மட்டும் கேட்டு அந்த இடம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும்.

அதன் பலன் நிலவில் தெரிந்தது. முதல் நாள் ஓட்டம் முடிந்து திரும்பும்போது ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையம், "நேரமாகிவிட்டது, நிற்காமல் வாருங்கள்" என்கிறது. வழியில் கருப்பாக, ஓட்டை ஓட்டையாக ஒரு பசால்ட், அதாவது எரிமலைக் குழம்பு உறைந்த கல், கிடக்கிறது. நிறுத்துகிறேன் என்று கேட்டால் கூடாது என்பார்கள். ஸ்காட் சீட் பெல்ட்டைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லி வண்டியை நிறுத்திவிட்டார். இறங்கி, அளவுகோலாக ஒரு பொருளைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார். இர்வினுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் பாட்டுக்குச் சுற்றியிருந்த பள்ளங்களை ஒவ்வொன்றாக வர்ணித்து ஹூஸ்டனைப் பேச்சில் வைத்திருந்தார். மாதிரி எண் 15016. இன்றும் அதற்கு சீட் பெல்ட் பசால்ட் என்றுதான் பெயர்.

கவனித்தீர்களா, அந்த அவசரத்திலும் படம் எடுத்திருக்கிறார். எங்கள் பேராசிரியர் பார்த்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பார்.

மறுநாள் ஸ்பர் பள்ளத்தின் ஓரத்தில், மண் மேட்டின் மேல் எடுத்து வைத்ததுபோல் ஒரு வெள்ளைக் கல். அதுதான் ஜெனிசிஸ் பாறை, 269 கிராம், 400 கோடி ஆண்டுக்கு மேல் வயது. அனார்த்தோசைட், நிலவின் பழைய மேலோட்டுப் பாறை. பார்த்த மாத்திரத்தில் ஸ்காட்டுக்குத் தெரிந்துவிட்டது தேடிவந்தது இதுதான் என்று. அதைத் தெரிய வைத்தது அந்தப் பயிற்சி.

17 ஜூன் 2024

"போகவே இல்லை, எல்லாம் ஸ்டுடியோ" கட்சிக்காரர் வந்துவிட்டார். வருக. எனக்கு ஒரே சந்தேகம். ஸ்டுடியோவில் எடுத்தவர்கள் ஏன் 12-ல் டிவி கேமராவைச் சூரியனுக்கு நேராகத் திருப்பி எரித்துவிட்டு, மிச்ச நிகழ்ச்சி முழுவதையும் வெறும் குரலாக ஒளிபரப்பினார்கள்? தயாரிப்பாளர் சும்மா விட்டிருப்பாரா?

18 ஜூன் 2024

16-ஐ விட்டுவிட்டேன் என்கிறார்கள். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அதுதான், ஏனென்றால் போன காரணமே பொய்த்துப்போனது. டெகார்ட் மேட்டுப்பகுதியை மேலிருந்து எடுத்த படங்களை வைத்து எரிமலைப் பாறை என்று முடிவுகட்டியிருந்தார்கள். ஜான் யங்கும் சார்லி டியூக்கும் இறங்கித் தேடுகிறார்கள், எரிமலைப் பாறையைக் காணோம். எதைத் தூக்கினாலும் பிரெச்சியா, மோதலில் நொறுங்கி மறுபடி ஒட்டிக்கொண்ட கல். நிலவின் மேட்டுப்பகுதிகளைப் பற்றி அதுவரை எழுதியதில் கணிசமானதைத் திருத்த வேண்டிவந்தது. மூன்று நாள் நடந்து பார்த்தவர்கள் இல்லாவிட்டால் இது இன்னும் எத்தனை காலம் இழுத்திருக்கும்?

அப்புறம் ஆரஞ்சு ஜூஸ் கதை. 15-ல் ஸ்காட்டுக்கும் இர்வினுக்கும் இதயத் துடிப்பில் கோளாறு தெரிந்ததால் 16-க்குப் பொட்டாசியம் சேர்த்த ஜூஸை விடாமல் குடிக்க வைத்தார்கள். யங்குக்கு வயிறு பொருமிவிட்டது. மைக் திறந்திருப்பது தெரியாமல், ஊருக்குப் போனதும் இந்தப் பழத்தைத் தொடமாட்டேன் என்கிற ரீதியில் டியூக்கிடம் புலம்பியது அத்தனையும் ஹூஸ்டனுக்கு நேரடியாகப் போனது. மனிதன் நிலவில் பேசியதாகப் பள்ளிப் பாடத்தில் வருவது ஒரு வாக்கியம்தான். இதையும் சேர்க்கலாம்.

29 ஜூன் 2024

சீனாவின் சாங்இ-6 நிலவின் மறுபக்கத்திலிருந்து மண்ணோடு வந்துவிட்டது. நேற்று எடையை அறிவித்தார்கள், 1,935.3 கிராம். உடனே எனக்கு மூன்று செய்தி: "பார், ஆளே வேண்டாம்."

கணக்குப் போடுவோம். சோவியத் லூனா 16 கொண்டுவந்தது 101 கிராம், லூனா 20 55 கிராம், லூனா 24 170 கிராம். சாங்இ-5 1,731 கிராம். இன்றைய கணக்கையும் சேர்த்தால் இயந்திரங்கள் இதுவரை கொண்டுவந்தது மொத்தமே 4 கிலோ. 16-ல் டியூக் தூக்கிய 'பிக் மியூலி' என்ற ஒற்றைக் கல் 11.7 கிலோ. அப்போலோவின் மொத்தம் 382 கிலோ.

ஓட்டத்திலும் அப்படியே. லூனகோட் 2 என்ற சோவியத் வண்டி 1973-ல் 39 கிலோமீட்டர் ஓடியது, பிரமாதமான சாதனை. எடுத்துக்கொண்டது நாலு மாதம். செர்னனும் ஷ்மிட்டும் கிட்டத்தட்ட அதே தூரத்தை மூன்று நாளில் முடித்தார்கள், நடுநடுவே இறங்கித் தோண்டியபடி.

29 ஜூன் 2024, கொஞ்ச நேரம் கழித்து

எழுதி முடித்துத் தேநீர் குடிக்கும்போது உறுத்துகிறது. எடைக் கணக்கு பாதி நியாயம்தான். சாங்இ-5 கொண்டுவந்த பசால்ட்டின் வயது சுமார் 200 கோடி ஆண்டு. அப்போலோ கொண்டுவந்த பசால்ட்டுகள் எல்லாமே 300 கோடிக்கு மேல். ஆக, 382 கிலோவில் கிடைக்காத பதில் ஒன்றே முக்கால் கிலோவில் கிடைத்தது, சரியான இடத்தில் இறங்கியதால். அப்போலோவால் அங்கே போயிருக்க முடியாதா என்றால் முடியும், நிறுத்தாமல் இருந்திருந்தால். சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறேன்.

13 ஜூலை 2024

ஜோ எங்கிள் இறந்துவிட்டார், 10-ஆம் தேதி. வயது 91. இந்த இழையில் அவர் பெயரை யாருமே எடுக்கவில்லை, நானும்தான்.

17-ல் செர்னனோடு இறங்கியிருக்க வேண்டியவர் அவர். சுழற்சி முறைப்படி அந்த இடம் அவருடையது. எக்ஸ்-15 ராக்கெட் விமானம் ஓட்டியவர், திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜியாலஜிஸ்டான ஷ்மிட்டின் முறை 18-ல் வந்திருக்கும். 18 ரத்தானதும், இத்தனை பயணத்தில் ஒரு ஜியாலஜிஸ்ட்கூடப் போகாமல் கடையைக் கட்டப் போகிறீர்களா என்று விஞ்ஞானிகள் பிடித்துக்கொண்டார்கள். நாசா இறங்கிவந்தது. எங்கிள் போய் ஷ்மிட் வந்தார்.

என் கட்சிப்படி இது சரியான முடிவு. ஆனாலும் எங்கிளின் இடத்தில் நின்று பார்த்தால் கசக்கத்தான் செய்கிறது. பின்னாளில் விண்வெளி ஓடத்தின் இரண்டாவது பயணத்துக்கு 1981-ல் கமாண்டராகப் போனார். நிலவு அது இல்லையே.

ஷ்மிட் அந்த இடத்தை என்ன செய்தார்? ஷார்ட்டி பள்ளத்தின் விளிம்பில் அவர் பூட்ஸ் கிளறிய மண் ஆரஞ்சு நிறம். அந்த நிறம் எங்கிள் கண்ணுக்கும் பட்டிருக்கும், அதற்கு டாக்டர் பட்டம் தேவையில்லை. ஆனால் கையிலிருந்த சொற்ப நேரத்துக்குள் குறுக்கே பள்ளம் வெட்டி, ஆரஞ்சின் இரண்டு பக்கமும் சாம்பல் மண் எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்த்து, நடுவில் குழாயை அடித்து இறக்கி ஆழ மாதிரி எடுத்தது தொழில் தெரிந்தவனின் வேலை. சமீபத்திய எரிமலை வாயாக இருக்குமோ என்று அன்று பரபரத்தார்கள். இல்லை, 350 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட எரிமலைக் கண்ணாடி மணிகள். நிலவு எலும்புவரை காய்ந்தது என்று நம்பிக்கொண்டிருந்தபோது, 2011-ல் அந்த மணிகளுக்குள் சிறைப்பட்ட துளிகளில் நீர் இருப்பதைக் காட்டினார்கள். 1972-ல் அள்ளிய மண்!

15 ஜூலை 2024

நிலவுத் தூசி எப்படி இருக்கும் என்று கேட்டவருக்கு: வெடித்த துப்பாக்கி மருந்தின் வாடை என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள். ஷ்மிட்டுக்கு அதனால் மூக்கடைப்பு. 17-ல் செர்னனின் சுத்தியல் பட்டு ரோவரின் பின்சக்கர மட்கார்டு உடைந்தது. டேப் ஒட்டினார்கள், தூசியில் டேப் நிற்கவில்லை, வண்டி ஓடும்போது மண் மழையாகத் தலையில் கொட்டியது. மறுநாள் நாலு வரைபட அட்டைகளை டேப்பால் சேர்த்து ஒட்டி, கிளிப் போட்டு மாட்டி ஓட்டினார்கள். நம்மூர் மெக்கானிக் யாராவது கூடவே போயிருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்.

21 ஜூலை 2024

55 ஆண்டு. நம் நேரப்படி 'கழுகு' (ஈகிள்) என்ற அப்போலோ 11-இன் இறங்குகலம் நிலவைத் தொட்டது 21 ஜூலை 1969, நள்ளிரவு தாண்டி 1.47. ஆர்ம்ஸ்ட்ராங் கால் வைத்தது காலை 8.26, திங்கட்கிழமை. சென்னையில் தொலைக்காட்சி வந்ததே 1975-ல். ஆகவே அந்தக் காலையில் பார்த்ததாகத் தமிழ்நாட்டில் யார் சொன்னாலும் பின்னாளில் நியூஸ்ரீலில் பார்த்ததைச் சேர்த்துச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்த வாரம் நினைவிருப்பது வேறொன்றால்: இரண்டு நாள் முன்பு, ஜூலை 19-ல், இந்திரா காந்தி 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கினார். வங்கியில் வேலை பார்த்த என் சித்தப்பாவிடம் நிலவைப் பற்றிக் கேட்டால் வங்கியைப் பற்றித்தான் பேசுவார்.

24 ஆகஸ்ட் 2024

சந்திரயான்-3-இன் கட்டுரை இந்த வாரம் வந்துவிட்டது, அனைவரும் படியுங்கள். பிரக்யான் சுமார் நூறு மீட்டர் ஓடி 23 இடங்களில் மண்ணின் வேதியியலை அளந்தது. கிட்டத்தட்ட ஒரே சீரான மண், ஃபெர்ரோவன் (இரும்பு கலந்த) அனார்த்தோசைட் வகை. அதாவது ஜெனிசிஸ் பாறையின் சொந்தக்காரர்கள் தென்துருவப் பக்கத்திலும் இருக்கிறார்கள். நிலவு பிறந்த புதிதில் உருகிய கடலாகக் கிடந்தது, கனம் குறைந்த பிளேஜியோகிளேஸ் என்ற கனிமம் மேலே மிதந்து மேலோடாக உறைந்தது என்ற கருத்துக்கு இது வலு சேர்க்கிறது.

எனக்கு இதில் கூடுதல் பாசம். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் இருப்பதும் அனார்த்தோசைட். சந்திரயான் வண்டிகளை ஓட்டிப் பார்க்க இஸ்ரோ நிலவு மண் தயாரித்தது சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கத்துப் பாறைகளை இடித்துத்தான். மாணவனாக அங்கே போயிருக்கிறேன். வெளிறிய பாறை, நடுநடுவே ஹார்ன்பிளெண்டு என்ற கனிமத்தின் கருப்புப் புள்ளிகள். வெயிலில் கண் கூசும். சுத்தியலால் அடித்தால் கைதான் வலிக்கும். கால்சியம் நிறைந்த பிளேஜியோகிளேஸில் அது நிலவுப் பாறைக்கு நெருக்கம்; ஹார்ன்பிளெண்டு உருவாக நீர் வேண்டும் என்பதால் அந்த விஷயத்தில் தூரம்.

இந்த உருகிய கடல் யோசனை எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் என் முதல் குறிப்பு இடிக்கிறது. 11-ல் கிளம்பும் நேரத்தில் ஆர்ம்ஸ்ட்ராங் கல் பெட்டியைப் பார்த்தார். கற்களுக்கு நடுவே இடம் சும்மா இருக்கிறதே என்று கைக்கு வந்த மண்ணை அள்ளி அள்ளிப் போட்டு நிரப்பினார். திட்டத்தில் இல்லாத வேலை. 10084 என்ற அந்த மண்ணில் சின்னச் சின்ன வெள்ளைத் துணுக்குகள். அவை அனார்த்தோசைட், பக்கத்து மேட்டிலிருந்து மோதல்களில் தெறித்து வந்தவை. அதைப் பிடித்துக்கொண்டுதான் ஜான் வுட் முதலான ஆய்வாளர்கள் 1970-லேயே உருகிய நிலவு என்ற முடிவுக்கு வந்தார்கள். ஸ்காட் அந்த வெள்ளைக் கல்லைத் தேடிப் போனதே இந்தத் துணுக்குகளால்தான்.

ஒத்திகை என்று சொன்னேன் அல்லவா. ஒத்திகையில் வசனத்துக்கு வெளியே ஒருவர் பேசியதுதான் நாடகமாகிவிட்டது என்று மாற்றிக்கொள்கிறேன். இரண்டரை மணி நேரம் போதாது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

9 ஆகஸ்ட் 2025

லவல் போய்விட்டார், 97 வயது. இழை ஒரு வருடம் தூங்கிவிட்டு எழுந்திருக்கிறது.

இரண்டு முறை நிலவு வரை போய் ஒரு முறைகூட இறங்காதவர் என்று எல்லாச் செய்தியிலும் வருகிறது. வராத ஒன்று: லீ சில்வரின் ஃபீல்டு பயிற்சிக்கு முதலில் போனது 15-இன் ஆட்கள் இல்லை. 1969 இலையுதிர் காலத்தில் கலிபோர்னியாவின் ஓரோகோபியா மலைக்குப் போனவர்கள் 13-இன் லவல், ஹேய்ஸ், அவர்களுக்கு மாற்றாக இருந்த யங், டியூக். நடுவில் நின்று ஏற்பாடு செய்தவர் ஷ்மிட். அந்தப் பயணம் சரிப்பட்டு வந்ததால்தான் மற்றவர்களுக்கும் பயிற்சி தொடர்ந்தது. ஸ்காட்டின் சீட் பெல்ட் கல்லில் லவலுக்கும் பங்கு உண்டு.

வயிற்றெரிச்சல் இன்னொன்று. 13 முதலில் ஆலன் ஷெப்பர்ட் தலைமையில் போக வேண்டிய பயணம். அவருக்குப் பயிற்சி போதாதென்று 14-க்குத் தள்ளி லவலை முன்னால் கொண்டுவந்தார்கள். 13 கெட்டது, லவலுக்கு வைத்திருந்த ஃப்ரா மவ்ரோ என்ற இறங்குமிடம் ஷெப்பர்டுக்கே போனது. ஷெப்பர்டுக்கு ஜியாலஜியில் பெரிய ஆர்வம் இல்லை. அவரும் கூடப் போன மிட்செலும் கைவண்டியை இழுத்துக்கொண்டு கோன் பள்ளத்தின் விளிம்பைத் தேடி மேடேறினார்கள், மூச்சு வாங்கியது, இடம் பிடிபடவில்லை, திரும்பிவிட்டார்கள். விளிம்பு சுமார் 30 மீட்டரில் இருந்திருக்கிறது. வழி தவறியதற்காகக் குறை சொல்லமாட்டேன். டோப்போ ஷீட் என்ற நில வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டே மலையில் தொலைந்து நின்றிருக்கிறேன். அங்கே மரமும் இல்லை, வீடும் இல்லை, எது பக்கம் எது தூரம் என்றே தெரியாது. திரும்பி வந்து கோல்ஃப் ஆடினாரே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

10 ஆகஸ்ட் 2025

ஷெப்பர்ட் ரசிகர் ஒருவர் நேற்றைய குறிப்புக்குப் பதிலாக ஒரே ஒரு எண்ணை எழுதியிருக்கிறார்: 14321.

சரி, தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அது ஷெப்பர்டும் மிட்செலும் கொண்டுவந்த 'பிக் பெர்தா', ஏறக்குறைய 9 கிலோ பிரெச்சியா. அதற்குள் இருக்கும் ஒரு துண்டு நிலவில் உருவானதே அல்ல, 400 கோடி ஆண்டுக்கு முன் பூமியிலிருந்து மோதலில் தெறித்துப்போன பாறை என்று 2019-ல் ஒரு குழு எழுதியது. எல்லோரும் ஏற்கவில்லை. நிலவிலேயே ஆழத்தில் அப்படி உருவாகியிருக்கலாம் என்போர் உண்டு. அது மெய்யானால், பூமியின் மிகப் பழைய கற்களில் ஒன்றை நிலவிலிருந்து மீட்டுவந்தவர் ஜியாலஜியில் நாட்டமில்லாத ஷெப்பர்ட்.

லவல் போயிருந்தால் அதை எடுத்திருப்பாரா? சில்வரின் மாணவராயிற்றே, இதைவிட நல்லதாகத் தேர்ந்தெடுக்கிறேன் என்று இந்தக் கல்லை விட்டுவிட்டும் வந்திருக்கலாம். கோல்ஃபை மட்டும் மன்னிக்க முடியாது.